கேஸ் போடுவதற்கு முன்னால்

சென்னையில் யாரிடம் வேண்டுமானாலும் "கார் ஏசி சூடா ஊதுது" என்று சொல்லிப் பாருங்கள். மச்சான், ஆபீஸ் நண்பர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், பங்க்கில் காற்று பிடிக்கும் தம்பி, எல்லோரிடமும் ஒரே பதில் வரும்: "கேஸ் தீர்ந்திருக்கும், போட்டுருங்க." சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், கோடைக்கு முன்னால் வருஷம் ஒரு தடவை கேஸ் போட்டுவிடுவது வண்டிக்கு நல்லது என்பார்கள். சர்வீஸ் பட்டியலில் அதையும் ஒரு வரியாகவே சேர்த்துவிட்டோம். இந்தப் பதில் ரொம்ப நாளாகவே எனக்கு உறுத்தல். போன கோடையில் என் வண்டிக்கே அது வந்தபோது உறுத்தல் கோபமாக மாறியது. யார் மேல் கோபப்பட வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கார் ஏசியில் இருக்கும் கேஸ் எரிந்து தீர்கிற பொருள் கிடையாது. சீல் செய்த ஒரு சுற்றுக்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் ஓடுகிறது. கம்ப்ரசர் அதை அழுத்தி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் அது தன் சூட்டை வெளிக்காற்றில் விட்டுத் திரவமாகிறது. ஈரத்தை உறிஞ்சும் டிரையரைத் தாண்டி எக்ஸ்பான்ஷன் வால்வில் பீய்ச்சப்பட்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது ஆர்-134ஏ. திறந்த வெளியில் விட்டால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். சின்ன வண்டிக்கு மொத்தமே அரைக் கிலோவுக்கு முன்பின்தான். சரியான அளவு பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் கொஞ்சம் கசியும், வாஸ்தவம். ஏழெட்டு வருஷம் ஓடிய வண்டியில் அது தெரியலாம். ஆனால் போன வருஷம் போட்ட கேஸ் இந்த வருஷம் இல்லை என்றால், எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் மேலே மேலே கேஸ் போட்டால் அடுத்த சித்திரையிலும் அதே கடை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பைபாஸில் ஜில், சிக்னலில் சூடு

என் வண்டியில் நடந்தது அதுகூட இல்லை. வளசரவாக்கத்திலிருந்து கிளம்பினால் ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்துதான் வெளியே வர வேண்டியிருந்தது. அந்த நேரம் முழுக்க ஏசியில் வெதுவெதுப்பான காற்று வரும். பைபாஸ் ஏறி 70ல் போக ஆரம்பித்ததும் கொஞ்ச நேரத்தில் ஜில்லென்று ஆகிவிடும். மறுபடி சிக்னலில் நின்றால் சூடு. ராத்திரி திரும்பும்போது ஒரு குறையும் தெரியாது. பங்குனிக் கடைசியில் இப்படி ஆரம்பித்தது. சித்திரை பிறந்த பிறகு பகலில் உள்ளே உட்கார முடியவில்லை. கண் டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப் போன ஒரு மத்தியானம், பின்சீட்டில் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தவர், "கண்ணாடிய இறக்கிடுப்பா, வெளிக்காத்தே தேவலை" என்றார்.

வண்டியைக் கொடுத்த இடம் பெரிய இடம். ஜாப் கார்டில் "ஏசி கூலிங் குறைவு" என்று எழுதிக்கொண்டார்கள். எப்போது ஜில், எப்போது சூடு என்று நான் சொல்ல ஆரம்பித்ததைக் காதில் வாங்க அங்கே யாருக்கும் நேரமில்லை. சாயங்காலம் போன் வந்தது: "கேஸ் கம்மியா இருந்துச்சு சார், டாப்-அப் பண்ணிட்டோம்." வண்டியை எடுக்கும்போது இருட்டிவிட்டது. வீடு வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாள் மத்தியானம் பழைய குருடி கதவைத் திறடி. சூடு முன்னைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது. திரும்பப் போனால், கம்ப்ரசர் வீக், மாற்றணும், 22,000 ஆகும் என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "கேஸ் ஃபுல்லா இருக்கு சார். அப்பவும் கூலிங் இல்லைன்னா கம்ப்ரசர்தான்" என்று பதில் வந்தது. அங்கே ஏசிக்கு இரண்டே நோய்தான்: கேஸ் இல்லை, அல்லது கம்ப்ரசர் போச்சு. 22,000 ரூபாய் செலவுக்கு முன்னால் இன்னொருவரிடம் காட்டிவிடலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ராயப்பேட்டைப் பக்கம் ஜி.பி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது அந்த ஷெட். உள்ளே ஒரு வண்டி, வாசலில் ஒரு வண்டி, அதற்கு மேல் இடம் கிடையாது. நடத்துபவர் அறுபதை நெருங்கும் ஒரு பாய். நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முன்னால் வந்த ஒருவர் அவரோடு வாக்குவாதத்தில் இருந்தார். பாய் பானெட்டைத் தூக்குவதற்கு முன்னாலேயே செக்கிங் 500 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார். "பாக்கறதுக்கே ஐந்நூறா? கேஸ் போடுங்க, அதுக்குக் காசு தரேன்" என்றார் வந்தவர். "கேஸ்தான் வேணும்னு தெரிஞ்சாத்தானே சார் போட முடியும்" என்றார் பாய். வந்தவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயேவிட்டார். பாய் என் பக்கம் திரும்பி அதே வார்த்தையைச் சொன்னார்: "செக்கிங் ஐந்நூறு. வேலைய இங்க செஞ்சாலும் சரி, வேற எங்கியாவது செஞ்சாலும் சரி, அது தனி." நான் சரி என்றேன்.

அதற்குப் பிறகு அவர் செய்த முதல் காரியம் கேள்வி கேட்டது. "ஓடசொல்ல நல்லா இருக்கா, நிக்கசொல்ல சூடாவுதா?" ஆமாம். "நைட்டுல?" தெரியலை பாய், நல்லாவே இருக்கு. "வண்டி வெள்ளத்துல நின்னுச்சா?" 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் பம்பர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. இன்ஜினுக்குள் போகவில்லை என்பதால் நான் அதை ஒரு சேதமாகவே எங்கேயும் சொன்னதில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜை எடுத்தார்.

வாளித் தண்ணீர்

நீல ஹோஸ் லோ பக்கம், அதாவது கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் அழுத்தம் குறைந்த பக்கம்; சிவப்பு ஹோஸ் ஹை பக்கம், கம்ப்ரசர் அழுத்திக் கண்டென்சருக்கு அனுப்பும் பக்கம். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது இரண்டு முள்ளும் 110 பிஎஸ்ஐ பக்கத்தில் ஒன்றாக நின்றன. இதைப் பார்த்துக் கேஸ் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த எண் அன்றைய வெயிலைத்தான் காட்டும். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கிற வரைக்கும், 200 கிராம் இருந்தாலும் 450 கிராம் இருந்தாலும் அழுத்தம் ஒன்றுதான். பாய் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஏசி ஃபுல், ரீசர்குலேஷன் (உள்காற்றையே திரும்பச் சுற்ற விடுவது) ஆன், நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டர். லோ முள் 55ல் நின்றது. ஹை முள் 280, 300 என்று ஏறி 320ஐத் தொட்டது. "இந்த வெயிலுக்கு லோ முப்பது நாப்பதுக்குள்ள நிக்கணும், ஹை 250 தாண்டக் கூடாது" என்றார்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிற விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆர்-134ஏ எந்த அழுத்தத்தில் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பதற்கு அட்டவணை உண்டு. லோ பக்கம் 31 பிஎஸ்ஐ என்றால் கூலிங் காயிலுக்குள் கேஸ் சுமார் 2 டிகிரியில் கொதிக்கிறது. 55 பிஎஸ்ஐ என்றால் 15 டிகிரி. 15 டிகிரிக் காயிலைத் தொட்டு வரும் காற்று சென்னைப் பகலில் எப்படி ஜில்லென்று இருக்கும்? ஹை பக்கம் 320 என்றால் கண்டென்சருக்குள் கேஸ் 70 டிகிரிக்கு மேல் இருந்தும் சூட்டை இறக்க முடியாமல் திணறுகிறது. மெக்கானிக் கையில் இருக்கும் அந்த இரண்டு முள்ளும் நேரடியாகவே வெப்பநிலையைச் சொல்கின்றன, படிக்கத் தெரிந்தால்.

பாய் கேஜின் வால்வைத் தொடவே இல்லை. மூலையில் இருந்த வாளியை எடுத்துவந்து, கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மக்கால் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். முதல் மக்குக்குப் புஸ்ஸென்று ஆவி வந்தது. நான் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு முள் 320லிருந்து இறங்க ஆரம்பித்தது. 290, 260, இன்னும் ஒரு மக்கு, 220. நீல முள் அதோடு சேர்ந்து இறங்கி 38ல் நின்றது. "உள்ள பாருங்க" என்றார். 24 காட்டிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் 13க்கு வந்திருந்தது. நின்ற வண்டியில் வாரக்கணக்கில் கிடைக்காத ஜில் காற்று, ஒரு வாளிக் குழாய்த் தண்ணீரில் வந்துவிட்டது. பாய் மக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கம்ப்ரசரும் வேலை செய்யுது, கேஸும் இருக்குது. முன்னாடி காத்துதான் இல்ல சார்."

ஏசி போட்டால் கண்டென்சர் ஃபேன் ஓட வேண்டும். என் வண்டியில் அது ஓடவில்லை. பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டர் ஃபேன் இன்ஜின் சூடாகும்போதெல்லாம் விட்டுவிட்டு ஓடியதால் இன்ஜினும் கொதிக்கவில்லை, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. பாய் ஃபேனின் கனெக்டரைக் கழற்றி டெஸ்ட் லேம்ப் வைத்தார், எரிந்தது. கரன்ட் வருகிறது, அப்படியென்றால் ஃப்யூஸும் ரிலேயும் சரி. கனெக்டரை மாட்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் மோட்டாரின் பின்பக்கம் இரண்டு தட்டு தட்டினார். ஃபேன் ஒரு உதறு உதறிச் சுற்ற ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் தளர்ந்து நின்றது. கார்பன் பிரஷ் தேய்ந்து, உள்ளே துருவும் பிடித்திருந்தது. கழற்றிப் பார்த்தபோது வெள்ளத்தில் வந்த வண்டல் இன்னும் ஓரங்களில் ஒட்டியிருந்தது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரை ஆற்றிவிடும், அதனால் பைபாஸில் ஜில். ராத்திரி வெளிக்காற்றே குளிர்ச்சி, சாலையும் காலி, அதனால் குறை தெரியவில்லை. நின்றால் மட்டும் சூடு. நான் ஜாப் கார்டு எழுதுமிடத்தில் சொல்ல முயன்ற அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது.

மோட்டாருக்குப் புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும், பாதி விலைக்கு. பாய் வேண்டாம் என்றார். எந்த வெள்ளத்தில் நின்ற வண்டியிலிருந்து கழற்றியது என்று யாருக்குத் தெரியும்? புது மோட்டார் போட்டு, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைந்திருந்த சேற்றையும் வேப்பிலைச் சருகையும் பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். பிரஷர் வாஷர் வைத்து அடித்தால் கண்டென்சரின் மெல்லிய ஃபின் தகடெல்லாம் மடங்கிவிடும். ஃபேன் ஓடிய பிறகும் ஹை 270க்குக் கீழே வரவில்லை. ரிகவரி மெஷினில் கேஸை எடுத்துத் தராசில் வைத்தார்: 590 கிராம். ஸ்டிக்கரில் இருப்பது 450. டாப்-அப் என்ற பெயரில் நல்ல வண்டிக்குள் 140 கிராம் கூடுதலாக ஏற்றியிருக்கிறார்கள். கண்டென்சருக்குள் திரவம் தேங்கி, ஆற வேண்டிய இடத்தையே அடைத்துக்கொண்டிருக்கிறது. சூடு முன்னைவிடக் கூடியதற்கு அதுதான் காரணம். அரை மணி நேரம் வாக்யூம் ஓட்டி, அதாவது பம்ப்பால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, 450 கிராம் அளந்து ஏற்றினார். நின்ற நிலையில் ஹை 225, லோ 35, வென்ட்டில் 9 டிகிரி. செக்கிங், மோட்டார், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 6,000க்குள் முடிந்தது.

அந்த 500 ரூபாய்

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மனதில் ஓடியது அந்த வாளி கூட இல்லை, எனக்கு முன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்தான். அவர் நேராக வேறொரு கடைக்குப் போயிருப்பார். "செக்கிங் ஃப்ரீ, கேஸ் 1,500" என்று பலகை வைத்த கடைகள் நிறைய இருக்கின்றன. அங்கே யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள், பார்க்கக் கூலி இல்லாததால். கேஸ் ஏற்றினால்தான் அன்றைய வருமானம். அப்படியிருக்க, வருகிற எல்லா வண்டிக்கும் கேஸ்தான் குறைவு என்று சொல்வதைத் தவிர அந்தக் கடைக்காரர் வேறென்ன செய்வார்? என் கோபம் திசை மாறியது இங்கேதான். கேஸ் போடுகிற கடைகளை உருவாக்கியது வாடிக்கையாளர்களாகிய நாம். மாற்றிய பொருளுக்குக் காசு கொடுப்போம். பழைய பார்ட்டைக் கையில் கொடுத்தால் திருப்தியாக வாங்கிப் பார்ப்போம். என்ன கோளாறு என்று கண்டுபிடித்த அறிவுக்குக் காசு கேட்டால் நமக்குச் சுருக்கென்று படுகிறது.

ஒரு மெக்கானிக்கின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். கூலிங் காயிலில் பொடி ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று காத்திருக்க வேண்டும். உறுதி செய்ய அனேக வண்டிகளில் டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும்; ஒரு ஆளுக்கு ஒரு நாள் வேலை. இதையெல்லாம் விளக்கிச் செலவு சொன்னால் பத்தில் எட்டுப் பேர் "இப்போதைக்குக் கேஸ் போட்டு விடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்பார்கள். கேஸ் போட்டால் உடனே ஜில், வாடிக்கையாளர் முகத்தில் சிரிப்பு, அடுத்த வருஷம் மறுபடி வருவார். நேர்மையாக வேலை செய்கிறவருக்கு இந்த ஊரில் ஏசி வேலை நஷ்டக் கணக்காகவே முடிகிறது. பாய் அந்த 500ஐப் பிடிவாதமாகக் கேட்பதால்தான் எனக்கு 22,000 மிச்சம்.

கற்றுக்கொடுப்பதிலும் ஒரு இடைவெளி இருக்கிறது. ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் ஒரு பிரிவு, ரெஃப்ரிஜரேஷன் ஏசி டெக்னீஷியன் இன்னொரு பிரிவு, இரண்டும் 2 வருஷப் படிப்பு. கார் ஏசி இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. வயரிங்கும் இன்ஜினும் தெரிந்தவருக்குக் கேஸின் குணம் தெரிவதில்லை, கேஸ் தெரிந்தவருக்கு ரிலேயும் சென்சாரும் புதிது. இரண்டையும் கோத்துப் பார்க்கிற கண் ஷெட்டில் வருஷக்கணக்கில் நின்றால்தான் வருகிறது. அந்தக் கண்ணுக்கு விலை கொடுக்க நாம் தயாராக இல்லாவிட்டால், பாய் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன் எதற்காகக் கற்றுக்கொள்ள வேண்டும்? கேஸ் ஹோஸை மாட்டத் தெரிந்தால் போதுமே.

கடைக்குப் போகும் முன் நாமே பார்க்கக்கூடியவை

பார்ப்பது முழுக்க மெக்கானிக்கின் வேலை என்று விட்டுவிடவும் கூடாது. எப்போது, எப்படி என்று சரியாகச் சொல்லத் தெரிந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். முதலில் ரீசர்குலேஷன் பட்டன். வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் வைத்துவிட்டு ஏசி போதவில்லை என்று சொல்கிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் வெயிலோடு ஈரமும் சேர்ந்து வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கவே கூலிங் காயில் முக்கால் யூனிட் மின்சாரத்துக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தை இறக்க வேண்டும். கடல்காற்று உள்ளே வந்த பிறகு சாயங்காலங்களில் வெயில் தணிந்தும் ஏசி திணறுவது இதனால்தான். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். நன்றாகச் சொட்டினால் காயில் குளிர்கிறது. கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

வேறெங்கோ என்றால், அனேகமாக ஹீட்டர் பக்கம். சென்னையில் ஹீட்டர் யார் போடுகிறார்கள்? ஆனால் பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டுக்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது, பலவற்றில் 90 டிகிரிக் கூலன்ட் அதன் வழியாக எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதை மூடி வைப்பது ஒரு ஃபிளாப். வருஷக்கணக்கில் அசையாமலே கிடந்த அந்த ஃபிளாப்போ, அதன் கேபிளோ, குட்டி மோட்டாரோ சிக்கிக்கொண்டால், காயில் குளிர்வித்த காற்றை ஹீட்டர் மறுபடி சுட வைத்துத்தான் அனுப்பும். ஏசியை ஆஃப் செய்து ப்ளோயரை மட்டும் ஓட விடுங்கள். ரீசர்குலேஷன் இல்லாமல், வண்டி கொஞ்ச தூரம் ஓடிய பிறகு. வெளியே இருப்பதைவிடத் தெளிவாகச் சூடான காற்று வந்தால் சந்தேகம் ஃபிளாப் மேல் விழ வேண்டும். இதற்கு எத்தனை கேஸ் போட்டாலும் பலனில்லை.

ஏசி பட்டனை அழுத்தினால் பானெட்டுக்குள் "டக்" என்று ஒரு சத்தம், கம்ப்ரசரின் மேக்னட் கிளட்ச் ஒட்டும் சத்தம். அது வரவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, அல்லது கேஸ் குறைந்து பிரஷர் ஸ்விட்ச் தடுக்கிறது. ஸ்டில்ட் பார்க்கிங்கில் எலி கடித்த வயராகவும் இருக்கலாம். புது வண்டிகள் சிலவற்றில் இந்தக் கிளட்ச்சே கிடையாது, அங்கே இந்தச் சோதனை உதவாது. நீண்ட பயணத்தில், திண்டிவனம் தாண்டியதும் காற்றின் வேகமே குறைந்து சூடாகிறது, கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிறது என்றால் காயிலில் ஐஸ் கட்டுகிறது: கேபின் ஃபில்டரையும் காயிலில் இருக்கும் சென்சாரையும் பார்க்கச் சொல்லுங்கள். என் வண்டியில் வந்ததுபோல் நின்றால் சூடு, ஓடினால் ஜில் என்றால் பானெட்டைத் திறந்து, ஏசியைப் போட்டு, முன்னால் ஃபேன் சுற்றுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். கையைக் கொண்டு போகாதீர்கள். ஃபேன் எந்த நொடியும் கிளம்பும். மெல்லிய ஹை பக்கக் குழாயையும் தொட வேண்டாம், சுடும். வால்வு மூடியைத் திறந்து நோண்டுவது வேண்டவே வேண்டாம். பீறிடும் கேஸ் தோலில் பட்டால் நெருப்புக் காயம் மாதிரியே புண்ணாகும்.

உண்மையிலேயே லீக் என்றால்

கேஸ் குறைவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் மச்சானின் வண்டிக்கு அதுதான் நோய். வருஷா வருஷம் கேஸ் போட்டுக்கொண்டிருந்தார். அதே பாயிடம் கூட்டிப் போனேன். கண்டென்சரின் கீழ் மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு, எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் ஆயிலும் சுற்றுவதால், கேஸ் போகும் வழியில் ஆயில் தடம் விட்டுப் போகும். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவியதும் அந்த இடத்தில் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பியது. உப்புக்காற்று அரித்த அலுமினியம். கண்டென்சர் புதிது, கூடவே டிரையரும் ஓ-ரிங்குகளும். சுற்று திறந்து ஈரம் பட்டால் டிரையர் பலன் இழந்துவிடும், அதை மாற்றாமல் விடக் கூடாது. உள்ளே தங்கும் ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், ஆயிலோடு கலந்து அமிலமாகவும் மாறும். வாக்யூம் ஓட்டுவது இதற்காகத்தான்: அழுத்தம் நன்றாக இறங்கினால் தண்ணீர் நம் ஊர் வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். ஐந்து நிமிஷம் வாக்யூம் போட்டு நிறுத்துகிற இடத்தில் இந்த வேலை நடக்காது.

இதில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. முன்பு கார் ஏசிகளில் இருந்த ஆர்-12 கேஸ் ஓசோனை அரித்ததால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகம் ஆர்-134ஏவுக்கு மாறியது. இது ஓசோனைத் தொடாது, ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 1,300 மடங்குக்குக் குறையாமல் பூமியைச் சூடாக்கும். அதனால் 2016 கிகாலித் திருத்தத்தில் இந்த வகைக் கேஸ்களையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியா 2021ல் அதை ஏற்றது. அரைக் கிலோ கேஸைச் சும்மா காற்றில் விட்டால் அரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். வருஷா வருஷம் டாப்-அப் போடுகிற ஒவ்வொரு வண்டியும் இதைத்தான் செய்கிறது. ரிகவரி மெஷின் வைத்திருக்கும் கடைகள் குறைவு. பலர் வால்வைத் திறந்து புஸ்ஸென்று விட்டுவிடுகிறார்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. சூட்டைத் தணிக்கிறோம் என்று சொல்லி இன்னும் சூட்டைக் கூட்டிவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். மச்சானிடமும் இதைச் சொன்னேன். பில்லில் செக்கிங் 500 என்று தனியாக எழுதியிருந்ததைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. வருஷா வருஷம் கட்டியதை மனதில் கூட்டிப் பார்த்திருப்பார்.

ஒரு நடைமுறை யோசனை மட்டும். போவதானால் மாசியிலேயே போய்விடுங்கள். நல்ல ஷெட்டில் அப்போது கூட்டம் இருக்காது, கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்வார்கள். வண்டியை எடுக்கும் முன் ஹை எவ்வளவு, லோ எவ்வளவு, எத்தனை கிராம் ஏற்றினார்கள், வென்ட்டில் எத்தனை டிகிரி என்ற நாலு எண்ணையும் பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை கோளாறு வந்தால், எந்த மெக்கானிக்கிடம் போனாலும் அவர் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு இருக்கும். கத்திரி ஆரம்பித்த பிறகு போனால் வாசலில் ஆறு வண்டி நிற்கும், வாக்யூமை அரை மணி நேரம் ஓட விட அவருக்கும் பொறுமை இருக்காது.